அக்காவுக்கு எடுத்துவைத்த கொம்போட்

பழத்தைச் சீனிப்பாணியில் அடைத்து மூடும் கொம்போட் போடுவதில் என்னை வெல்ல எம்மன்புரூக்கேயில் ஆளில்லை. இதை நான் தலைக்கனத்தில் சொல்லவில்லை. பத்து வயதில் ஒரே நாளில் முப்பத்திரண்டு போத்தல் கொம்போட்டைக் கெடுக்கவும், பொழுதுபடுவதற்குள் அத்தனையையும் திரும்பக் காப்பாற்றவும் கூடவே நின்றவள் நான். கடையில் வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த அனுபவம் கிடைக்காது.

நாங்கள் எல்லோரும் நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டோம். மாடிப்படி ஏறினால் முழங்கால் முறைப்பாடு வைக்கிறது. கோயிலில் கண்டால் முதலில் கொலஸ்ட்ரோலைத்தான் விசாரிக்கிறோம். எங்கள் பிள்ளைகள் எங்களிடமே "உங்கட காலத்திலை" என்று தொடங்குகிறார்கள். சரி, எங்கள் காலத்தில் என்ன நடந்தது என்று நானே சொல்லிவிடுகிறேன். ரயில் பாதைக்கும் ஆலைக்கும் நடுவில் நின்ற அந்தச் சாம்பல் நிறத் தொடர்மாடிகளில் என்னோடு வளர்ந்த உங்களுக்குப் பாதிக் கதை தெரிந்திருக்கும். மற்றப் பாதி எங்கள் வீட்டுக் கதவுக்கு உள்ளே நடந்தது.

எனக்கு ஓர் அக்கா. என்னைவிட ஐந்து வயது மூப்பு. அப்பா முதலில் சுவிஸுக்கு வந்தார். மூன்று வருடம் கழித்து அம்மா வந்தார். அந்தப் பயணத்தில் அம்மாவால் ஒரு பிள்ளையைத்தான் கூட்டிவர முடிந்தது. மடியில் வைத்துக்கொண்டு வரக்கூடிய வயது எனக்கு, ஆகவே நான் வந்தேன். அக்காவை யாழ்ப்பாணத்தில் தனியாக இருந்த அப்பாவின் தங்கையான மாமியிடம் விட்டார்கள். ஆறு மாதத்தில் கூப்பிடுவதாகச் சொல்லித்தான் விட்டார்கள். ஆறு மாதம் ஆறு வருடமாகியது. எனக்கு அவளின் முகம் நினைவில் இல்லை. தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே ஒரு படம் இருந்தது. இரட்டைப் பின்னல் போட்ட ஒன்பது வயதுப் பிள்ளை. எனக்குத் தெரிந்த அக்கா அவ்வளவுதான்.

அம்மாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வீட்டில் ருசியான பொருள் எது வந்தாலும் முதலில் அக்காவின் பங்கை எடுத்துவைப்பார். சொக்லேற் என்றால் பாதி அலமாரிக்குள் போகும். நத்தாருக்கு யாராவது பிஸ்கற் தந்தால் பாதி போகும். பழம் என்றால் ஒரு கிண்ணத்தில் போட்டு, மேலே சோசர் கவிழ்த்து, குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் வைப்பார். நான் கை வைத்தால், "அது அக்கான்ரை" என்று கையில் ஒரு தட்டு விழும். சொக்லேற் வெள்ளை பிடிக்கும், பழம் கறுத்துப்போகும், எறியவேண்டிய கட்டம் வந்ததும் அப்பா சத்தமில்லாமல் சாப்பிட்டு முடிப்பார். அம்மா கிண்ணத்தைக் கழுவிவிட்டு அடுத்த பங்கை வைப்பார். ஆறு வருடமாக இது நடந்தது. அந்தப் படத்தில் இருந்த இரட்டைப் பின்னல்காரியை எனக்குக் கண்ணிலே காட்டக்கூடாது. உண்மையைச் சொன்னால் என்ன, எனக்கு அவள்மேல் அவ்வளவு ஆத்திரம்.

நான் சொல்லும் வருடம், கோடைவிடுமுறைக்கு முன்பு, அக்கா வரலாம் என்று கடிதம் வந்தது. கொழும்பில் செய்யவேண்டிய பத்திர வேலைகள் முடிய தை மாதமாகும் என்று அப்பா கணக்குப் போட்டார். அம்மா அழுதார், பிறகு எழும்பி வீடு முழுவதையும் கூட்டித் துடைத்தார். அன்றிலிருந்து அவர் கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் ஒரே கேள்விதான். இது தை வரைக்கும் நிற்குமா, நிற்காதா?

*

புரட்டாதியில் கீழ்வீட்டு அம்மையார் ஒரு கூடை பிளம்ஸ் கொண்டுவந்து தந்தார். கருநீலமும் நீள்வட்டமுமான பிளம்ஸ், தோலில் மா தூவினது மாதிரி வெள்ளைப் படலம். ஆற்றங்கரையில் நகரசபை வாடகைக்கு விடும் தோட்டத்துண்டு ஒன்று அவரிடம் இருந்தது. அங்கே ஒரு மரம் அந்த வருடம் கொப்பு முறியக் காய்த்திருந்தது. அவர் தனியாக வாழ்ந்த விதவை. எங்கள் அம்மா சுடும் ரோல்ஸுக்கு அவர் அடிமை. எங்கள் வீட்டில் எண்ணெய் கொதித்தால் அவர் வீட்டுக் கதவு திறக்கும்.

"இவ்வளவும் அழுகிப்போம், நாலு பேர் சாப்பிடுற சாமானோ இது? கொஞ்சம் காணும் எண்டு சொல்லு" என்றார் அம்மா. நாங்கள் மூன்று பேர்தான். அம்மா எப்போதும் நாலு என்றே எண்ணுவார்.

நான் சொன்னேன். அந்த நாளில் எங்கள் வீட்டில் ஜெர்மன் மொழி என்றால் அது நான்தான். அம்மையார் சிரித்துக்கொண்டு எங்களை நிலக்கீழுக்குக் கூட்டிப்போனார். உங்களுக்கு அந்தக் கெல்லர் நினைவிருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் மரச்சட்டம் அடித்த ஒரு கூண்டு, உருளைக்கிழங்கும் ஈரச் சீமெந்தும் கலந்த மணம், தானாக அணைந்துபோகும் விளக்கு. அவரின் கூண்டுக்குள் சுவர் நீளத்துக்கு அடுக்குத்தட்டு. அதில் வரிசையாகக் கண்ணாடிப் போத்தல்கள், லேசான பச்சை நிறம், கண்ணாடி மூடி, மூடிக்கும் போத்தலுக்கும் நடுவில் செம்மஞ்சள் ரப்பர் வளையம். வளையத்தில் நாக்கு மாதிரி ஒரு துண்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே பிளம்ஸ், செர்ரி, பேரிக்காய்.

அம்மா ஒரு போத்தலைக் கையில் எடுத்தார்.

"இது எப்பத்தைப் பழம் எண்டு கேள்."

கேட்டேன். போன வருடத்தது என்றார்.

"போன வருசத்துப் பழம் எப்பிடி இப்பிடி நிக்கும்? மனுசி பகிடி விடுறாவோ?"

"இல்லையாம் அம்மா. சீனித்தண்ணியிலை போட்டு மூடினதாம். கொம்போட்டாம்."

"இப்ப போட்டால் தை மட்டும் நிக்குமோ எண்டு கேள்."

இரண்டு குளிர்காலம்கூட நிற்கும் என்றார் அம்மையார். நான் சொல்ல முதலே அம்மாவுக்கு விளங்கிவிட்டது. போத்தலை விளக்குக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தார். "அப்ப பிள்ளை வரும் வரைக்கும் நிக்கும்" என்றார். அதை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

பிறகு அம்மையார் செய்முறை சொன்னார். எவ்வளவு நேரம் சொன்னார் தெரியுமா? போத்தல் வாயில் சின்ன உடைவும் இருக்கக்கூடாது, ரப்பரை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைக்கவேண்டும், கொதிக்கவிடாமல் அரைமணி நேரம் சூட்டில் வைக்கவேண்டும், அடுத்த நாள் கம்பிக் கவ்வியைக் கழற்றி மூடியில் பிடித்துத் தூக்கிப் பார்க்கவேண்டும், மூடி பிடித்துக்கொண்டு நின்றால் உள்ளே காற்று இல்லை, அதற்குப் பிறகு சாப்பிடும் நாள் வரைக்கும் ஒருவரும் திறக்கக்கூடாது, திறந்தால் மூன்று நாளில் முடிக்கவேண்டும். வெளியே என் சிநேகிதிகள் கயிறு அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். கயிறு நிலத்தில் படும் சத்தம் கெல்லர் யன்னலால் கேட்கிறது.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"சுத்தமாய் மூடி, சுடுதண்ணியிலை அரை மணித்தியாலம் வைச்சு, கீழை இருட்டிலை வைக்கட்டாம்."

"இவ்வளவு நேரமும் அதைத்தானோ சொன்னவ?"

"ஓம்."

நீங்களும் செய்திருப்பீர்கள். வைத்தியர் பத்து நிமிடம் சொன்னதை மூன்று சொல்லில் முடித்துவிட்டு விளையாட ஓடியிருப்பீர்கள். நல்லபிள்ளை மாதிரி என்னைப் பார்க்கவேண்டாம்.

*

கொம்போட் போட்ட நாள் எங்கள் உடுப்புத் தோய்க்கிற நாள். அது தற்செயல் அல்ல. இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஒரு வீட்டுக்கு ஒரு நாள், நிலக்கீழில் இருந்த தோய்க்கும் அறையின் திறப்பு கைமாறி வரும். அந்த அறையில் மெஷினுக்குப் பக்கத்தில் பழைய காலத்துச் செப்புக் கொப்பரை ஒன்று இருந்தது. முந்தி அதில் படுக்கை விரிப்பு அவிப்பார்களாம். முப்பது நாற்பது போத்தல் ஒரேயடியாக இறக்கலாம். யாருடைய நாளோ அவர்களுக்குத்தான் கொப்பரை.

அந்த அட்டவணையை எழுதித் தொங்கவிட்டவர் மேல்மாடி ஐயா. ரயில்வேயில் வேலை செய்து இளைப்பாறிய தனிக்கட்டை. அவருடைய கையெழுத்தில் வராத கட்டளை இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோய்க்கக்கூடாது. வடிகட்டியில் கிடக்கும் தலைமயிரை அவரவர் எடுக்கவேண்டும். ஒருமுறை அம்மா நேரம் பிந்தி அரைமணி நேரம் கூடுதலாக மெஷினைப் பாவித்ததற்கு எங்கள் கதவில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் 'கடுவன்'. படியில் கண்டால் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வணக்கம் சொல்வோம்.

அம்மையார் மரத்தில் நின்ற மற்றப் பழங்களையும் கூடைகூடையாகக் கொண்டுவந்து, தன்னிடம் இருந்த வெறும் போத்தல்களையும் தந்தார். அன்று அம்மாவும் கீழ்வீட்டு அம்மையாரும் பிளம்ஸைப் பிளந்து கொட்டை எடுத்தார்கள். வெட்டுப்பக்கம் கீழே இருக்க, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். சீனிப்பாணிக்குள் கறுவாப்பட்டையும் கராம்பும் போடச் சொன்னார் அம்மையார். அம்மா ஒரு போத்தலுக்கு இரண்டு ஏலக்காயைத் தட்டிப் போட்டார். அம்மையார் குனிந்து மணந்து பார்த்தார், ஒரு புருவத்தை உயர்த்தினார். அடுத்த வருடம் அவரே வந்து நாலு ஏலக்காய் கேட்டார். அந்த நிலக்கீழ் அறை முழுவதும் சூடான பழமும் ஏலக்காயும் சவர்க்காரமும் சேர்ந்து மணத்தது. இன்றைக்கும் எங்காவது அந்த மூன்று மணமும் ஒன்றாக வந்தால் நான் நின்றுவிடுவேன்.

"அம்மா, எனக்கு ஒண்டு."

"கொட்டையைச் சூப்பு. நீ கோடை முழுக்க இஞ்சை பழம் திண்டனி. அவள் பாவம்."

நான் கொட்டையைச் சூப்பினேன். முப்பத்திரண்டு போத்தல். ஒன்றிலும் எனக்குப் பங்கில்லை. அடுத்த நாள் மூடியில் பிடித்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார் அம்மையார். எல்லா மூடியும் கெட்டியாகப் பிடித்தன. அம்மா அதைப் பார்த்தார். அது எதற்கு என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

*

ஐப்பசி தொடக்கத்தில் ஒரு நாள் அம்மா கெல்லருக்குள் போய்விட்டு முகம் சுருங்கித் திரும்பி வந்தார். எங்கள் கூண்டின் சுவரில் ஈரம் ஊறி, மூலையில் பூஞ்சணம் பிடித்திருந்தது.

எங்கள் அம்மா ஊறுகாய் போட்டு வளர்ந்தவர். தேசிக்காயை உப்பில் போட்டால் நாலு நாளைக்கு ஒருமுறை வெயில் காட்டவேண்டும். மோர்மிளகாய்க்கு வெயில், வடகத்துக்கு வெயில், ஒடியலுக்கு வெயில். இருட்டிலும் ஈரத்திலும் வைத்த சாப்பாட்டுச் சாமான் பூஞ்சணம் பிடிக்காமல் இருந்ததை அவர் கண்டதில்லை. அன்றைக்கென்று மலைப்பக்கமிருந்து சுடுகாற்று அடித்து, வானம் துடைத்துவிட்டது போல, கோடை திரும்பி வந்த மாதிரி ஒரு வெயில். பள்ளிக்கூடத்துக்கு இலையுதிர்கால விடுமுறை.

"வா, எல்லாத்தையும் மேலை ஏத்துவம். ஒருக்கால் வெயில் காட்டி எடுத்தால் பிள்ளை வரும் மட்டும் பயமில்லை" என்றார்.

நாங்கள் ஏற்றினோம். பல்கனி நிறைய வரிசையாக வைத்தோம். திறக்கிற வேலை எனக்கு. ரப்பர் நாக்கைப் பிடித்து இழுத்தால் 'ப்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும், மூடி தளரும். முப்பத்திரண்டு முறை இழுத்தேன். ஒருவரும் திறக்கக்கூடாது என்று அம்மையார் சொன்னது எனக்கு நினைவு வந்ததா? வந்தது. மூன்றாவது போத்தலிலேயே வந்தது. அந்தச் சத்தம் நன்றாக இருந்தது, அது அக்காவுடையதாகவும் இருந்தது. நான் இழுத்துக்கொண்டே போனேன்.

அம்மா பழைய வேட்டியைக் கிழித்து ஒவ்வொரு வாயிலும் வெள்ளைத்துணி கட்டினார். அரை மணித்தியாலத்தில் குளவி வந்துவிட்டது. ஒன்று, பத்து, பிறகு எண்ண முடியவில்லை. குளவிச் சத்தத்தில் கீழ்வீட்டு அம்மையார் தன் பல்கனியிலிருந்து தலையை நீட்டி மேலே பார்த்தார். துணி கட்டிய போத்தல்களைக் கண்டார். செருப்புச் சத்தம் படியில் கேட்டது. வந்து நின்றவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு யேசுவைக் கூப்பிட்டார்.

"என்னவாம்?"

இந்தமுறை நான் எதையும் விடவில்லை. காற்றுப் போய்விட்டது, இனி மூன்று நாள்தான், எல்லாம் புளித்துப்போகும் என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தார். "இதை அவ முந்தியும் சொன்னவவோ?"

நான் நிலத்தைப் பார்த்தேன். அடி விழும் என்று நினைத்தேன். அம்மா அடிக்கவில்லை. கதிரையில் இருந்துவிட்டார். "ஒண்டையும் என்னாலை அவளுக்கெண்டு வைச்சிருக்க முடியேல்லை" என்றார். அடி விழுந்திருந்தால் நான் இவ்வளவு காலம் அதை நினைத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

வழி ஒன்று இருந்தது. அன்றைக்கே, புளிக்கத் தொடங்க முதல், எல்லாவற்றையும் திரும்ப மூடிச் சூட்டில் வைக்கவேண்டும். அதற்குக் கொப்பரை வேண்டும். அன்று மேல்மாடி ஐயாவின் நாள்.

கீழ்வீட்டு அம்மையாரே பின்வாங்கினார். "அவருடைய நாள் அது" என்றார், அதற்குமேல் கதையில்லை என்பது மாதிரி. இருபது வருடம் அந்தத் தொடர்மாடியில் இருந்தவர், ஒருநாளும் அடுத்தவர் நாளைக் கேட்டதில்லை.

"நான் கேக்கிறன்" என்று எழும்பினார் அம்மா. என் கையைப் பிடித்தார். "நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லோணும். ஒரு சொல்லு விடக்கூடாது. விளங்கிச்சோ?"

மேல்மாடிக் கதவு திறந்தது. உயரமான மனிதர், சட்டைக் கழுத்துப் பொத்தான் வரைக்கும் பூட்டியிருந்தார்.

"சொல்லு. எனக்கு ரெண்டு பிள்ளையள். மூத்தவள் ஆறு வருசமாய் என்னோடை இல்லை." சொன்னேன். "ஆறு வருசமாய் அவளுக்கெண்டு எடுத்து வைச்சதெல்லாம் பழுதாப் போச்சுது." சொன்னேன். "இது ஒண்டுதான் நிக்கும் எண்டு நம்பினனான். அதையும் என்ரை கையாலை திறந்துபோட்டன். பிழை என்ரை. உங்கடை நாளை எனக்குத் தாங்கோ."

திறந்தவள் நான். பிழையை அம்மா தன் கணக்கில் போட்டார். அதையும் அப்படியே சொன்னேன்.

"எத்தனை போத்தல்?" என்றார் ஐயா.

"முப்பத்திரண்டு."

கதவைச் சாத்திவிட்டார்.

"என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை. வாங்கோ அம்மா, போவம்."

"பொறு" என்றார் அம்மா. சாத்திய கதவுக்கு முன்னால் நின்றார். நானும் நின்றேன். உள்ளே இழுப்பறை திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்பக் கதவு திறந்தபோது ஐயா நீல நிற வேலைக்கோட் போட்டிருந்தார். ஒரு கையில் நீளமான வெப்பமானி, மற்றக் கையில் மணிக்கூடு.

"இன்று என் நாள். என் நாளில் கொப்பரையில் என்ன இருக்கவேண்டும் என்று தீர்மானிப்பது நான்" என்றார். எங்களைத் தாண்டிப் படியிறங்கிப் போனார்.

அவருடைய சட்டைகள் ஈரத்தோடு வாளிக்குள் போயின. கொப்பரையின் அடியில் துணி விரித்து, போத்தல் ஒன்றோடொன்று முட்டாமல் இடையிடையே துவாய் செருகி, ரயில் விடுகிறவர் மாதிரி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெப்பமானி ஒரு கோடு ஏறினாலும் சூட்டைக் குறைத்தார். அம்மா போத்தல் வாயைத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தார். இரண்டு மூன்று போத்தலில் குளவி விழுந்து கிடந்தது. அம்மா கரண்டியால் எடுத்து எறிந்துவிட்டுக் கண்ணால் எனக்குச் சைகை காட்டினார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அந்த நேரத்தில் ஐயா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "உன் அக்காவுக்குப் பிளம்ஸ் பிடிக்குமா?"

"ஓம்" என்றேன், அம்மாவிடம் கேட்காமலே. ஏனென்றால் அம்மாவுக்கும் தெரியாது. அக்காவுக்கு என்ன பிடிக்கும் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஒன்பது வயதில் என்ன பிடித்தது என்றுதான் தெரியும். அந்தச் சில மாதங்களில் எங்கள் எல்லோரிலும் உருப்படியான கேள்வி கேட்டவர் அந்தக் கடுவன் ஒருவர்தான்.

அப்பா வேலையால் வந்தபோது முப்பத்திரண்டு போத்தலும் துவாய்க்குக் கீழே ஆறிக்கொண்டிருந்தன. அடுத்த நாள் காலை மூடியில் பிடித்துத் தூக்கிப் பார்த்தவர் மேல்மாடி ஐயா. முப்பத்திரண்டும் பிடித்துக்கொண்டு நின்றன. அடுத்த வருட அட்டவணையில் புரட்டாதி மாதத்தில் ஒரு புதுக் கட்டம் இருந்தது. பெயர் எழுதும் இடத்தில் 'கொம்போட்' என்று அவருடைய கையெழுத்தில் இருந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அவரைக் கடுவன் என்று சொன்னதில்லை.

*

தைப்பொங்கல் கழிந்த கிழமை அக்கா வந்தாள்.

விமான நிலையத்தில் நான் இரட்டைப் பின்னலைத் தேடிக்கொண்டு நின்றேன். அம்மாவின் உயரத்தில் ஒருத்தி வந்து முன்னால் நின்றாள். ஒற்றைப் பின்னல், பெரிய கண், கம்பளிச் சட்டைக்குள் நடுக்கம். அம்மா பாய்ந்து கட்டிப்பிடித்தார். அவள் இரண்டு கையையும் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அம்மா வாங்கி வைத்திருந்த சட்டைகளில் ஒன்றும் அவளுக்கு அளவில்லை. "பரவாயில்லை அம்மா, தங்கச்சிக்கு ஆகும்" என்று மடித்து வைத்தாள். தண்ணீர் குடிக்கும் முன் "குடிக்கலாமோ?" என்று கேட்டாள். கதிரையின் நுனியில் இருந்தாள். அம்மாவை அம்மா என்று கூப்பிடும் முன் சின்னதாக ஓர் இடைவெளி விட்டாள். அவள் நல்ல பிள்ளையாக இருந்தாள், விருந்துக்கு வந்த பிள்ளை மாதிரி. அம்மா ஒவ்வொரு தரமும் சிரித்தார். ஆனால் அவர் பயந்துபோயிருந்தார், அது எனக்கே தெரிந்தது. பிள்ளை வந்துவிட்டாள், தன்னிடம் வரவில்லை என்ற பயம்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பாவுக்கு லீவு. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அம்மா கெல்லருக்குப் போய் முதல் போத்தலை எடுத்து வந்து மேசையில் வைத்தார். யன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"இது உனக்கெண்டு போட்டது பிள்ளை. நீயே திற."

அக்கா ரப்பர் நாக்கை இழுத்தாள். ஏலக்காய் மணம் மேசை முழுவதும் பரவியது. அம்மா நாலு கிண்ணத்தில் போட்டார். ஆறு வருடமாக நாலு என்று எண்ணியவருக்கு, அன்றைக்குத்தான் நாலு கிண்ணம் உண்மையாக மேசையில் இருந்தது.

"எனக்கு வேண்டாம்" என்றேன். எவ்வளவு நாள் காத்திருந்தேன், ஆனால் அவளுக்கென்று போட்டதில் மிச்சம் எனக்கு வேண்டியிருக்கவில்லை. கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன்.

அக்கா மெதுவாகச் சாப்பிட்டாள். "நல்லாயிருக்கு" என்றாள். அம்மா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு அக்கா எழும்பினாள். நான் தள்ளி வைத்த கிண்ணத்தைக் கையில் எடுத்தாள், மேலே ஒரு சோசரைக் கவிழ்த்தாள், அங்குமிங்கும் பார்த்தாள்.

"மாமின்ரையை எங்கை வைக்கிறது?"

கேட்டு முடிந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. கிண்ணத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அப்பா கரண்டியைக் கீழே வைத்தார்.

"மாமி எனக்கும் வாற போற ஆக்களுக்கும் குடுத்துப்போட்டுக் கடைசியாய்த்தான் சாப்பிடுவா" என்றாள் அக்கா, மன்னிப்புக் கேட்கிற குரலில். "நான் எடுத்து வைக்காட்டி அவவுக்கு ஒண்டும் மிஞ்சாது. பழக்கத்திலை எடுத்திட்டன். மறந்துபோனன்."

நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். இங்கே ஆறு வருடமாக அம்மா இவளுக்குப் பங்கு வைத்துக்கொண்டிருக்க, அங்கே ஆறு வருடமாக இவள் இன்னொருத்திக்குப் பங்கு வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பிள்ளையை விட்ட இடத்தில் விட்டபடியே எடுக்கலாம் என்று அம்மா நம்பியிருந்தார். அப்பாவும் அப்படித்தான் நம்பியிருந்தார். இவள் அங்கேயும் ஒரு வீட்டில்தான் வளர்ந்தாள், அங்கேயும் ஒருவர் இவளுக்குத் தலைவாரிப் பின்னியிருக்கிறார் என்பதை நாங்கள் ஒருவரும் ஒருநாளும் பேசியதில்லை. மாமி அப்பாவின் தங்கை, உதவி செய்தவர், காசோ சீலையோ அனுப்பினால் சரி என்று நினைத்திருந்தோம்.

அம்மா எழும்பிப் போய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார்.

"இந்த மேல்தட்டிலை வை பிள்ளை. பங்கு வைக்கிற இடம் இதுதான்."

அக்கா வைத்தாள். கதவை மூடவில்லை. உள்ளே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மாமி இப்ப தனியவோ சாப்பிடுவா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அயலட்டையில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். அப்பா அப்படி ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"ஓம் பிள்ளை" என்றார் அம்மா. "தனியத்தான்."

அப்போதுதான் அக்கா அழுதாள். வந்து மூன்று நாளில் முதல்முறை. நின்றபடியே அம்மாவின் தோளில் முகத்தை வைத்து, மாமி, மாமி என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அம்மா அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தன்னைக் கூப்பிடாத அழுகையை அவர் முழுவதும் வாங்கிக்கொண்டார். அம்மாவைப் பற்றி என்னிடம் யார் கேட்டாலும் நான் சொல்வது அந்த ஒரு காட்சியைத்தான்.

அடுத்த நாள் காலை நான் பள்ளிக்கூடத்துக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா கிண்ணத்தோடு வந்து எனக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். சோசரை எடுத்தாள்.

"இந்தா, சாப்பிடு."

"அது மாமின்ரை" என்றேன், எரிச்சலோடு.

"மாமி எடுத்து வைச்சதை ஒருநாளும் சாப்பிடமாட்டா. விடியச் சாப்பிடு எண்டு எனக்குத்தான் தருவா. வீட்டிலை சின்ன ஆளுக்குத்தானாம் அந்தப் பங்கு." கரண்டியை என் கையில் வைத்தாள். "இஞ்சை சின்ன ஆள் நீதானே."

சாப்பிட்டேன். குளிர்ந்து, பாணி தடித்து, பழம் நாக்கில் வைத்தவுடன் கரைந்தது. ஏலக்காய் கொஞ்சம் கூடிப்போயிருந்தது. கிண்ணத்தை வழித்து நக்கினேன். அவள் என் மற்றச் சப்பாத்துக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இன்னும் இருக்கோ?" என்று கேட்டேன்.

மூன்று நாளாக நான் அவளை எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிட்டிருக்கவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கீழை முப்பத்தொரு போத்தல் இருக்கு" என்றாள். "நீ பள்ளிக்கூடம் போட்டு வா."